ஸ்ரீபெரும்புதூர் வழக்கும் துணை நின்றவர்களும்

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் நடந்த குண்டுவெடிப்பில் ராஜீவ் காந்தியும், பந்தோபஸ்துக்கு வந்திருந்த காவலர்கள் உட்படப் பலரும் உயிரிழந்தனர். வழக்கை எடுத்துக்கொண்ட சி.பி.ஐ.யின் சிறப்புப் புலனாய்வுக் குழு, கொலையாளிகளோடு பழகியவர்கள், அவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்தவர்கள், சில நாள் தங்க இடம் தந்தவர்கள் என ஒவ்வொருவராகத் தேடிப் போனது.

வழக்கு தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நடந்தது. பயங்கரவாதி எனத் தெரிந்தே ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்தால், அச்சட்டத்தில் குறைந்தது 5 ஆண்டு சிறை இருந்தது. அன்று நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 212-ஆம் பிரிவும் அடைக்கலத்தைக் குற்றம் என்றே சொன்னது. அதில் கணவன் மனைவிக்கு மட்டும் விலக்கு இருந்தது. பெற்ற தாய்க்கே இல்லாத விலக்கு நண்பருக்கு எங்கிருந்து வரும்? ஆனால் ஒருவரை ஒளித்து வைப்பது வேறு, கைதானவருக்கு வக்கீல் வைத்துக் கொடுப்பது வேறு. பின்னதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. விரும்பும் வழக்கறிஞரை வைத்துக்கொள்வது அரசமைப்பின் 22-ஆவது பிரிவு தரும் உரிமை. அந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லக்கூட அன்று பலர் அஞ்சினர். கைதானவர்களின் வீட்டுப் படியேறினாலே விசாரணைக்கு இழுப்பார்கள் என்ற பயம் ஊரெங்கும் இருந்தது.

கைதானவர்களுள் ஒருவரான ஜோலார்பேட்டையைச் சேர்ந்த பேரறிவாளனுக்கு அப்போது 19 வயது. பெரியார் இயக்கக் குடும்பம். விசாரித்துவிட்டு மறுநாள் அனுப்பிவிடுவோம் என்ற அதிகாரிகளின் வார்த்தையை நம்பி, 1991 ஜூன் 11 அன்று பெற்றோரே சென்னை பெரியார் திடலில் மகனை ஒப்படைத்தனர். அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு, இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது. தாய் அற்புதம் அம்மாள் அதன்பின் சிறை வாசலுக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்த காலம் 31 ஆண்டுகள்.

பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில் மூடிய அறைக்குள் விசாரணை நடந்தது. 1998 ஜனவரி 28 அன்று, விசாரிக்கப்பட்ட 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு வந்த பிறகுதான் துணை ஓர் அமைப்பாகத் திரண்டது. பழ. நெடுமாறன் முன்னின்று 26 தமிழர் உயிர்க்காப்புக் குழுவை அமைத்தார். மேடைப் பேச்சைவிட அவசரமான வேலை, மேல்முறையீட்டுக்குப் பணம் திரட்டுவதும் வழக்கறிஞர் அமர்த்துவதும். உச்ச நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞர் என். நடராஜன் வாதாடினார். 1999 மே 11 தீர்ப்பில் தடா குற்றச்சாட்டுகள் நிற்கவில்லை. நால்வருக்குத் தூக்கு உறுதியானது, மூவருக்கு ஆயுள். மற்ற 19 பேர் விடுதலையாயினர். அடைக்கலம் முதலான சிறு குற்றங்களுக்குரிய தண்டனையை அவர்கள் ஏற்கெனவே அனுபவித்து முடித்திருந்தனர். உயிர்க்காப்புக் குழு சாதித்தவற்றுள் இதுவே பெரிது. ஆனால் பின்னாளில் பெரிதாகப் பேசப்பட்டவர்கள் எஞ்சிய எழுவர்தாம்.

2000-இல், தூக்கு உறுதியான நால்வருள் ஒருவரான நளினியின் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. பேரறிவாளன் உள்ளிட்ட மற்ற மூவரின் கருணை மனுக்கள் 11 ஆண்டு கிடந்து, 2011 ஆகஸ்டில் நிராகரிக்கப்பட்டன. செப்டம்பர் 9 தூக்கு நாள் எனக் குறிக்கப்பட்டது. கோயம்பேட்டில் மூன்று பெண் வழக்கறிஞர்கள் உண்ணாநிலை இருந்தனர். காஞ்சிபுரத்தில் மக்கள் மன்றத்தைச் சேர்ந்த இளம்பெண் செங்கொடி ஆகஸ்ட் 28 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த இழப்பை வீரமாகப் பாடியவர்கள் பலர். அது நேர்ந்திருக்கவே வேண்டாம். இரண்டே நாளில், ஆகஸ்ட் 30 அன்று, ராம் ஜெத்மலானியின் வாதத்தைக் கேட்ட சென்னை உயர் நீதிமன்றம் தூக்குக்குத் தடை விதித்தது. தண்டனையைக் குறைக்கக் கோரிச் சட்டமன்றமும் அன்றே தீர்மானம் இயற்றியது.

குண்டுவெடிப்பில் உறவினரை இழந்தவர்களும் காயம்பட்டவர்களும் விடுதலையை எதிர்த்தனர். அவர்கள் பக்கமும் துணை தேவைப்பட்டது. அது குறைவாகவே கிடைத்தது.

2013-இல் பேரறிவாளனுக்குத் துணை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த ஓய்வுபெற்ற சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகக் கூறினார். கருணை மனு மீதான தாமதத்தைக் காரணம் காட்டி, 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் மூவரின் தூக்கையும் ஆயுளாக்கியது. பேரறிவாளனுக்கு முதல் பரோல் கிடைத்தது 2017-இல். 2018-இல் எழுவரையும் விடுவிக்கத் தமிழக அமைச்சரவை பரிந்துரைத்தும் ஆளுநர் மாளிகையில் கோப்பு நகரவில்லை. 2022 மே 18 அன்று அரசமைப்பின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தது; நவம்பர் 11 அன்று மற்ற அறுவரும் விடுதலையாயினர்.

அவர்களுள் இலங்கையர் நால்வர் வீடு போகவில்லை. திருச்சி சிறப்பு முகாமுக்கு மாற்றப்பட்டனர். தாயைப் பார்க்க ஊர் திரும்பக் காத்திருந்த சாந்தன் 2024 பிப்ரவரியில் சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். முருகன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் மூவரும் அவ்வாண்டு ஏப்ரலில் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர்.