எழுத்தே இல்லாத ஒரு பித்தளை வளையம்

போன மாசம் நம்ம நேயர் ஒருத்தர் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். வடக்கு பிரான்ஸ்ல ஒரு பழைய சாமான் சந்தையில வாங்கினாராம். உள்ளங்கையில அடங்குற பித்தளை வளையம். நம்பர் இல்லை, எழுத்து இல்லை, முத்திரை இல்லை. "ஏதாவது பைப்போட பார்ட்டாண்ணா?"ன்னு கேட்டிருந்தார்.

நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். அடிப்பக்கத்தைக் காட்டுற ரெண்டாவது போட்டோவைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன். அங்கே ஒரு காடி ஓடுது. முழு வட்டம் இல்லை. குதிரை லாடம் மாதிரி சுத்தி வந்து, தொடங்கின இடத்தைத் தொடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நின்னுடுது. பைப்புக்கு எதுக்கு இப்படி ஒரு காடி?

இது பீரங்கிக் குண்டோட மூக்குல திருகுற ஃபியூஸ்ல ஒரு பாகம். நம்ம வீட்டு மெயின் போர்டு ஃபியூஸ் இல்லை. குண்டு எப்போ வெடிக்கணும்னு தீர்மானிக்கிற கருவி. முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ்காரங்க பயன்படுத்தின நம்பர் 80 ஃபியூஸ்ல இந்த மாதிரி ரெண்டு வளையம் உண்டு, ஒண்ணு மேல ஒண்ணு. காடிக்குள்ள கருமருந்தை இறுக்கி அடைச்சிருப்பாங்க. சுட்ட அதிர்ச்சியில மேல் வளையத்துல தீ பிடிக்கும். அது ஊர்ந்து போய், கீழ் வளையத்துக்கு இறங்கி, அங்கேயும் எரிஞ்சு முடிஞ்சாதான் குண்டு வெடிக்கும். கீழ் வளையத்தைத் திருப்பினா எரிய வேண்டிய தூரம் மாறும். அதனால அளவு எண்கள் அதுலதான் இருக்கும். மேல் வளையம் நகராது, அதுக்கு எண்ணே தேவையில்லை. நம்ம நேயர்கிட்ட இருக்கிறது மேல் வளையம்னு நான் சொல்றது இதை வெச்சுத்தான். எந்த நாட்டு ஃபியூஸ்னு சொல்ல விட்டத்தை அளந்து பார்க்கணும். பிரெஞ்சு 75 மி.மீ. பீரங்கியோட ஷ்ராப்னல் ஃபியூஸ் இல்லை, அது நிச்சயம். அதுல திருப்புற வளையமே கிடையாது. சுருளா ஓடுற மருந்துக் குழாய்ல ஓட்டை போட்டுத்தான் நேரம் வைப்பாங்க.

சரி, இந்த வளையத்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு? 1916 ஜூன் கடைசியில, சோம் போர்முனையில ஒரு வாரம் சுமார் 15 லட்சம் குண்டு பொழிஞ்சாங்க. ஜெர்மானியர்களோட முள்கம்பி வேலியை அறுக்குற வேலை பெரும்பாலும் 18 பவுண்டர் பீரங்கியோட ஷ்ராப்னல் குண்டுக்கு. ஒவ்வொண்ணுலயும் சுமார் 375 ஈயக் குண்டுகள். வேலிக்குக் கொஞ்சம் முன்னாடி, தாழ்வா, சரியான நொடியில வெடிச்சாதான் கம்பி அறும். கருமருந்து கொஞ்சம் வேகமா எரிஞ்சா உயரத்துல வெடிக்கும், மெதுவா எரிஞ்சா மண்ணுல புதையும். பல இடத்துல வேலி அப்படியே நின்னுச்சு. ஜூலை 1 ஒரே நாள்ல செத்த பிரிட்டிஷ் படையினர் 19,240 பேர். வேலி மட்டுமே காரணம் இல்லைதான். ஆனா கம்பியில மாட்டிக்கிட்டு நின்னவங்களுக்கு அந்த வாதம் எதுக்கு?

அடுத்த வருஷம் நம்பர் 106 ஃபியூஸ் பெரிய அளவுல வந்துச்சு. தொட்ட மாத்திரத்துல, மண்ணுக்குள்ள போகாமலேயே வெடிக்கும், வேலி சிதறும்.

நேயருக்கு நான் எழுதின பதில் இதுதான்: வளையம் தனியா இருக்கு, காடியும் காலி, வெச்சுக்கோங்க தம்பி. ஆனா முழு ஃபியூஸ் கிடைச்சா, எவ்வளவு துருப்பிடிச்சிருந்தாலும் திருகிப் பார்க்காதீங்க, கையே வைக்காதீங்க. 2014 மார்ச்ல பெல்ஜியத்தோட ஈப்ர் நகர்ல இதே போரோட குண்டு வெடிச்சு ரெண்டு கட்டடத் தொழிலாளிங்க செத்தாங்க.