அரைமலை காட்டும் அநேகாந்தம்

பாதியளவு நீருள்ள குவளையைக் கண்டு ஒருவர் பாதி நிறைந்துள்ளது என்பார். மற்றொருவர் பாதி குறைந்துள்ளது என்பார். இருவர் கூற்றும் மெய்யே. தம் கூற்று ஒன்றே மெய் என்று இருவரும் சாதிக்கும்போதுதான் பிழை புகுகிறது. ஒருவகையால் உண்டு, ஒருவகையால் இல்லை என்னும் இந்நெறியைத் தமிழ்ச் சமணர் ‘அத்தி நாத்தி’ என்று வழங்கினர். நீலகேசி இதனை வாதிட்டு நிலைநாட்டுகிறது.

காஞ்சியோடு மரபு தொடர்புபடுத்தும் ஆசாரியர் சமந்தபத்திரர், ஆப்தமீமாம்சையில் ஓர் உவமை கூறுகிறார். பொற்குடத்தை உருக்கி முடி செய்கின்றனர். குடத்தை விரும்பியவன் வருந்துகிறான். முடியை விரும்பியவன் மகிழ்கிறான். பொன்னையே நாடியவன் நடுநிலையில் நிற்கிறான். அழிவு, தோற்றம், நிலைபேறு ஆகிய மூன்றும் ஒரே பொருளில் ஒரே வேளையில் உள்ளன என்பதே அவ்வுவமையின் கருத்து.

பாண்டிநாட்டுச் சமண வரலாற்றை நோக்குவோர்க்கும் இவ்வுவமை பொருந்தும். இராஜபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் தென்கிழக்கே கழுகுமலை உள்ளது. பழங்கல்வெட்டுகள் இதனை அரைமலை என்றே குறிக்கின்றன. அங்குள்ள பாறைச் சரிவில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை, பத்மாவதி ஆகியோரின் சிற்பங்கள் இன்றும் பொலிவுடன் விளங்குகின்றன. அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள் ஏறத்தாழ நூறு. கோட்டாறு, திருச்சாரணம் முதலிய தொலைவூர்களைச் சார்ந்தோரும், குரவர்களோடு குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரும் அவற்றில் இடம்பெறுகின்றனர்.

அதே மலையில் வெட்டுவான்கோயில் உள்ளது. ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து அமைத்த 8ஆம் நூற்றாண்டுச் சிவன்கோயில் அது. விமானம் நிறைவெய்தியது, அடித்தளம் நிறைவெய்தவில்லை. முற்றுப்பெறாத கோயில் என்று ஒருவர் இரங்கலாம். விமானத்தின் அழகில் மற்றொருவர் மகிழலாம். கல்லோ இரண்டையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. 7ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னன் சைவம் சார்ந்ததோடு தென்னாட்டில் சமணம் அற்றுப்போயிற்று என்பர் சிலர். ஆயின் 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசேறிய பராந்தக நெடுஞ்சடையன் காலக் கல்வெட்டு, சித்தாந்தம் உரைக்கும் துறவியர்க்கு உணவளிக்க இம்மலையில் அறம் வைக்கப்பட்டதைக் கூறுகிறது. சிவன்கோயிலும் சமணப்பள்ளியும் ஒரே மலையில் இடம்பெற்றன. கல்வெட்டுகள் இங்குள்ள அருகனை ‘அரைமலை ஆழ்வார்’ என்கின்றன. பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய திருவில்லிபுத்தூர் போற்றும் அதே சொல், அன்று அருகனுக்கும் உரியதாயிருந்தது.

இதனால் இழப்பே நிகழவில்லை என்று கொள்ளலும் தவறு. பள்ளி மறைந்தது, சித்தாந்தம் உரைத்த குரல் அடங்கியது, அறம் வைத்தோரின் வழியினர் யாவரென இன்று அறியோம். இழப்பை மட்டும் எண்ணுவோர் பகையை வளர்ப்பர். எச்சத்தை மட்டும் எண்ணுவோர் வெறும் பெருமிதத்தில் அமைவர். பொன்னை நாடியவனைப் போல் நிற்போரே இரண்டையும் உள்ளவாறு அறிவர்.

திருவில்லிபுத்தூரின் 11 நிலை இராஜகோபுரத்தைக் கண்டு வணங்கித் தெற்கே செல்வோர், அரைமலையையும் ஒருமுறை ஏறிக் காண்க. இளையோரை உடன் அழைத்துச் செல்க. திருவுருவங்கள்மீது பெயர் கீறாமலும் எண்ணெய் பூசாமலும் காத்தல் நம் கடன். எஞ்சியதைக் காப்பதும் வழிபாடே. இழந்ததைப் பகையின்றி நினைத்தல் அகிம்சையின் பாற்பட்டது.