புள்ளலூர் போர் ஓவியத்தில் தோற்றவர்களின் உருவங்கள்

புள்ளலூர் போர் ஓவியம், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உள்ள தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் தீட்டப்பட்ட பெரிய சுவரோவியம். 1784-ல் திப்பு சுல்தான் கட்டிய கோடைக்கால மாளிகை அது. ஓவியம் காட்டும் களமோ தமிழகத்தில் உள்ளது. கார், கைபேசித் தொழிற்சாலைகள் நிறைந்த இன்றைய ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்துக்கு மேற்கே, காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூர் இருக்கிறது.

1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் வில்லியம் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் இங்கே வளைத்தனர். காஞ்சிபுரத்தில் ஹெக்டர் மன்றோவின் பெரும்படை இருந்தும் உதவிக்கு வந்து சேரவில்லை. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, பெய்லி சரணடைந்தார். 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையிலேயே இறந்தார். அவர் இறந்த ஊரிலேயே அவருடைய தோல்வி சுவரில் ஏறியது.

ஓவியர்கள் முதன்மைப்படுத்தியது சரணாகதியை அல்ல, அதற்கு முந்தைய கணத்தை. சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் அச்சில் வார்த்ததுபோல் ஒரே முகத்துடன் சதுர வியூகத்தில் நிற்கிறார்கள். மேலே வண்டி வெடிக்கிறது. நடுவில் காயம்பட்ட பெய்லி பல்லக்கில், வாயில் விரல் வைத்தபடி அமர்ந்திருக்கிறார். இதை அச்சத்தில் நகம் கடிப்பதாக ஐரோப்பியர் விளக்கினர். பாரசீக, முகலாயச் சிற்றோவிய மரபில் அது திகைப்பின் முத்திரை. தமிழில் மூக்கின்மேல் விரல் வைப்பதைப் போல. கோழையாக அல்ல, செயலற்றுப்போனவராகவே பெய்லி வரையப்பட்டார் என்று கொள்வதே பொருத்தம்.

திப்புவின் வீழ்ச்சிக்குப்பின் இம்மாளிகையில் தங்கிய ஆர்தர் வெலெஸ்லி, சிதைந்திருந்த ஓவியத்தைச் சீர்செய்வித்தார். 1850களில் டல்ஹவுசி மறுபடி தீட்டச் செய்தார். தம் தோல்வியின் படத்தை ஆங்கிலேயரே காப்பாற்றினர். ஆகவே இன்று காணும் கோடுகள் அனைத்தும் மூல ஓவியர்களுடையவை அல்ல.

அதற்குள் ஆங்கிலேயர் தங்கள் பதிலையும் வரைந்துவிட்டனர். 1792-ல் திப்புவின் இரு மகன்கள் பிணையாக ஒப்படைக்கப்பட்டதை ராபர்ட் ஹோம் வரைந்தார். அதில் தோல்விக்குச் சிறுவர்களின் உருவம். டேவிட் வில்கி 1839-ல் முடித்த ஓவியத்தில், விளக்கொளியில் கிடக்கும் திப்புவின் உடலருகே டேவிட் பேர்ட் நிமிர்ந்து நிற்கிறார். பேர்ட் புள்ளலூரில் பிடிபட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்தவர். அவர் காலடியில் வில்கி அந்த நிலவறையின் கம்பிச் சாளரத்தையும் வரைந்திருக்கிறார்.