கைதியா, கலகக்காரனா? சேதுச் சீமைப் போர்களில் தலைமறைவும் சிறைவாழ்வும்

படைவீரனுக்கு இன்று சொல்லித்தரப்படும் பாடங்களில் மூன்று ஒன்றோடொன்று பிணைந்தவை. அணியிலிருந்து பிரிந்துபோனால் உயிரோடு இருப்பது, எதிரியின் கண்ணில் படாமல் மீள்வது, பிடிபட்டால் எப்படி நடந்துகொள்வது. இவை மேலைநாட்டுப் படைகள் இரண்டாம் உலகப் போரில் உருவாக்கிய கலை என்றே பொதுவாக எழுதப்படுகிறது. 1939 இறுதியில் பிரிட்டன் இதற்கென ஓர் உளவுப் பிரிவைத் தொடங்கியது. கொரியப் போரில் பிடிபட்ட தன் வீரர்கள் சிலர் நடந்துகொண்ட விதம் சர்ச்சையான பிறகு, 1955-ல் அமெரிக்கா எழுத்து வடிவில் ஒரு நடத்தை நெறியை வெளியிட்டது. ஆனால் பரமக்குடிக்குத் தெற்கே முதுகுளத்தூர், அபிராமம், கமுதி என்று நீளும் கரிசல் காட்டிலும் அதையடுத்த சிவகங்கைச் சீமையிலும் முதல் இரண்டு பாடங்களும் 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே முற்றி விளைந்திருந்தன. மூன்றாவது மட்டும் வளரவில்லை. பிடிபட்டவர்களின் நெஞ்சுரம் குறைந்ததால் அப்படி நேரவில்லை. அவர்களைக் கிழக்கிந்தியக் கும்பினி எந்தப் பேரேட்டில் எழுதிக்கொண்டது என்பதே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தலைமறைவிலிருந்து தொடங்குவோம். வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபின் அவர் தம்பி ஊமைத்துரையும் மற்ற உறவினரும் பாளையங்கோட்டைக் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தனர். 1801 பிப்ரவரி 2 அன்று, வெள்ளை அதிகாரிகள் மேஜர் மெக்காலேயின் வீட்டு விருந்தில் இருந்த நேரத்தில், அவர்கள் காவலரை மடக்கி வெளியேறினர். இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களில் மீண்டும் எழும்பி நின்றதைக் கண்டு கும்பினிப் படை திகைத்தது. மே 24-ல் அக்கோட்டை வீழ்ந்தபோது ஊமைத்துரை படுகாயத்துடன் களத்தில் கிடந்தார். தன் மகனைத் தேடிவந்த ஒரு கிராமத்துத் தாய், காயம்பட்டுக் கிடந்த அந்த மகன் கேட்டுக்கொண்டதால், ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றாள். கும்பினிக்குத் துணைநின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடிக்கொண்டு வந்தபோது பெண்கள் அவர்மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்தார்கள். என்னவென்று கேட்டவர்களிடம், அம்மையில் செத்த பிள்ளை என்றார்கள். வந்தவர்கள் நிற்காமல் ஓடினார்கள்.

இதை எழுதி வைத்தவர் அந்தப் போரில் எதிரணியில் இருந்த கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ். அவருடைய போர் நினைவுகள் 1830-ல் அச்சாயின. முப்பது ஆண்டு கழித்து அச்சேறிய நினைவு என்பதால் சற்றுத் தள்ளிவைத்தே படிக்க வேண்டும். கதையாகக் கேட்டதை அவர் மெருகேற்றியிருக்கவும் கூடும். என்றாலும் எதிரியின் தப்பிப் பிழைத்தலைப் புகழ்வதில் ஒரு கும்பினி அதிகாரிக்கு ஆதாயம் ஏதுமில்லை. கதை காட்டும் செய்திதான் முக்கியம். தப்பிச் செல்பவனுக்கு வேண்டிய மறைவிடம், பொய்ச்சாக்கு, தூக்கிச்செல்லும் ஆள் மூன்றையும் ஊர்தான் கொடுத்தது. நோயின் மேலிருந்த அச்சத்தையே கேடயமாக்கும் சமயோசிதத்தை எந்தப் பயிற்சிப் பள்ளியும் அந்தப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்க முடியாது.

ஊமைத்துரை கமுதி வழியாகச் சிறுவயல் சென்று மருது சகோதரர்களிடம் அடைக்கலம் புகுந்தார். அதன்பின் நடந்தது காட்டுப்போர். சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போடக் கும்பினியின் கர்னல் அக்னியூ ஏறக்குறைய ஒரு மாதம் முயன்று, ஆட்களை இழந்து, கைவிட்டுத் திரும்பினார். இன்று பரமக்குடியிலிருந்து கமுதிக்குப் போகிறவர் சாலையின் இருபுறமும் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேலத்தைப் பார்த்து, அந்தக் காலத்திலும் இப்படித்தான் மறைந்திருப்பார்கள் என்று எண்ணிக்கொள்ளலாம். ஆனால் அந்த மரம் இந்தப் பக்கம் பரவியது பிற்காலத்தில்தான். அன்று மறைவிடமாக இருந்தவை நாட்டு வேலும் உடையும் பனங்காடும் கோயிலைச் சுற்றிப் பாதுகாக்கப்பட்ட அடர்காடும். சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைகாரரும் இந்த நிலத்தை நம்பியே போரிட்டவர். 1799-ல் முதுகுளத்தூர்க் கச்சேரியையும் அபிராமத்திலிருந்த கும்பினியின் துணிக்கிடங்கையும் கமுதியில் இருந்த தானியத்தையும் தாக்கியவர், 1802 வரை பிடிகொடுக்கவில்லை. இந்தத் தலைமறைவைக் கும்பினி காட்டை வெட்டி வெல்லவில்லை. 1801 செப்டம்பரில் படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கைக்கு உரியவராக அறிவித்து, தலைகளுக்கு விலை வைத்து, ஊரின் ஆதரவை இரண்டாகப் பிளந்தபிறகே அக்டோபர் 1-ல் காளையார்கோயில் விழுந்தது. ஒளிந்திருப்பவனைக் காத்த ஊரே பிளவுபட்டபின் காட்டிக்கொடுக்கவும் செய்தது.

இனி சிறைப்பட்டவர்களின் கதை. 1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சியை விட்டுத் தப்பிய கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கொடுத்தனர். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டி உட்காரவைத்து மேஜர் பானர்மன் விசாரணை நடத்தினார். கிஸ்தி கட்டவில்லை, கலெக்டர் அழைத்தும் வரவில்லை, கும்பினிப் படைமேல் சுட்டார் என்பன குற்றச்சாட்டுகள். அன்றே தூக்கு. மறுநாள் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் பானர்மன், கைதி கடைசிவரை அஞ்சாமலும் அலட்சியமாகவும் நடந்துகொண்டதாகவும், எட்டயபுரத்தாரை ஏளனமாகப் பார்த்ததாகவும், வாய்பேசாத தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டதாகவும் குறிக்கிறார். மரத்தடியை அடைந்தபோது, கோட்டையை விட்டு வந்ததற்காக வருந்தி, அங்கேயே போரிட்டுச் செத்திருக்கலாம் என்று அவர் சொன்னதாகவும் அக்கடிதம் கூறுகிறது. இந்தக் கடைசிச் செய்தியை நம் நாடகங்களும் திரைப்படமும் வீரவசனமாக மாற்றிவிட்டன. ஆய்வாளனுக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. தப்பித்தது தவறு என்று ஒரு போர்த்தலைவன் நினைக்கும்படியாகச் சிறை இருந்திருக்கிறது. பிடிபட்டால் தூக்குமரம்தான் என்றால் தப்பியோடுவதற்கும் சரணடைவதற்கும் பொருளில்லை. கோட்டைச் சுவரில் சாவதே அறிவுக்கு உகந்த தேர்வாகிவிடுகிறது.

போர்க்கைதி என்ற கருத்தே அன்று இல்லாதபோது, பிற்காலச் சட்டத்தைக் கொண்டுபோய் 1799-ன் மேல் ஏற்றலாமா என்று வரலாற்றாசிரியர் ஒருவர் ஆட்சேபிக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் கும்பினியின் சொந்த அனுபவத்திலேயே இருக்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கும்பினியின் கர்னல் பெய்லியின் படை மைசூரின் ஹைதர் அலியிடமும் திப்புவிடமும் நொறுங்கியது. பிடிபட்ட அதிகாரிகள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விலங்கோடு அடைக்கப்பட்டனர். பெய்லி 1782-ல் அங்கேயே இறந்தார். மற்றவர்கள் ஒளித்து நாட்குறிப்பு எழுதினார்கள், துண்டுச் சீட்டுகளில் சேதி கடத்தினார்கள். கும்பினி அவர்களைத் துரோகி என்றோ கோழை என்றோ சொல்லவில்லை. 1784 மங்களூர் உடன்படிக்கையில் அவர்கள் விடுதலையை ஒரு நிபந்தனையாக எழுதி வாங்கியது. அவர்களுள் ஒருவரான டேவிட் பெய்ர்டு 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாக்கிய படைக்கே தலைமை தாங்கினார். ஆகப் போரில் பிடிபட்டவன் உயிரோடு திரும்ப வேண்டியவன் என்ற வழக்கு கும்பினிக்கு நன்றாகவே தெரியும். மைசூரை அரசு என்று ஏற்றதால் அந்த வழக்கைக் கோரியது. பாஞ்சாலங்குறிச்சியையும் சிவகங்கையையும் வரிபாக்கி வைத்த பாளையங்கள் என்று எழுதிக்கொண்டதால் அதே வழக்கை மறுத்தது. பதினைந்தே ஆண்டு இடைவெளியில், ஒரே மாகாண நிர்வாகத்தின் கையில், இரண்டு நீதி.

இந்தத் தரம்பிரிப்பு சேதுச் சீமையில் இன்னும் நுணுக்கமாக நடந்தது. அதன் மன்னர் முத்துராமலிங்க சேதுபதி குழந்தையாக இருந்தபோதே 1772-ல் தாயாருடன் பிடிபட்டுத் திருச்சிக் கோட்டையில் அடைபட்டவர். பின்னர் அரியணையைத் திரும்பப் பெற்று, கும்பினியின் வணிக நெருக்கடிக்கு இணங்காததால் 1795-ல் மீண்டும் கைதானார். விசாரணையும் இல்லை, தண்டனையும் அறிவிக்கப்படவில்லை. 1809-ல் சென்னைக் கோட்டையில் கைதியாகவே இறந்தார். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரிலும், ஊமைத்துரை நவம்பர் 16-ல் பாஞ்சாலங்குறிச்சியிலும், மயிலப்பன் 1802-ல் அபிராமத்திலும் தூக்கிலிடப்பட்டனர். அடுத்த வரிசையில் இருந்த எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பப்பட்டனர். மன்னருக்குக் காலவரையற்ற காவல், தளபதிக்குக் கயிறு, துணைநின்றவர்களுக்குத் தீவு. நாடுகடத்தப்பட்டவர்களுள் சின்ன மருதுவின் இளவயது மகன் துரைசாமியும் ஒருவர். 1818-ல் பினாங்குக்குப் போன வெல்ஷ், தம் எதிரே வந்து நின்ற நலிந்த முதியவர் யாரென்று அறியாமல் பெயரைக் கேட்டிருக்கிறார். துரைசாமி என்ற பதில் நெஞ்சில் கத்தி பாய்ந்ததுபோல் இருந்ததாக எழுதுகிறார். பதினைந்து வயதில் போனவர் முப்பதைத் தாண்டியிருந்தார், அவ்வளவுதான். வளரி எறியத் தமக்குக் கற்றுக்கொடுத்த சின்ன மருதுவின் மகனுக்கு வெல்ஷால் இரங்க மட்டுமே முடிந்தது.

கைதியா, கலகக்காரனா என்ற இதே கேள்வி 1942-ல் வேறு உருவில் திரும்பிவந்தது. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பூங்காவில் ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்கள் முன் நின்ற தேர்வு மேலைநாட்டு நடத்தை நெறிகள் எண்ணிப்பார்க்காத ஒன்று. பெயரும் எண்ணும் தவிர வாய்திறக்காதே என்ற விதி, வீரனுக்குச் சொந்த நாடு ஒன்று இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. கைதியின் நாடும் அவனை அனுப்பிய அரசும் வெவ்வேறாக இருந்தால் அவன் யாருக்கு விசுவாசமாக இருப்பது? ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். மறுத்தவர்களில் பலர் நியூகினி போன்ற இடங்களுக்குக் கூலிப் படையாக அனுப்பப்பட்டு மாண்டனர். 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் அந்த ராணுவத்தின் ஷா நவாஸ் கான், சகல், தில்லான் மூவரும் மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டனர். சொந்தமாக ஒரு தற்காலிக அரசும் படையும் கொண்டு விடுதலைக்காகப் போரிட்டவர்களுக்குப் போர் புரிவோரின் உரிமை உண்டு என்று புலாபாய் தேசாய் வாதிட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆயுள் முழுதும் நாடுகடத்தல் என்று விதித்தது. 1946 ஜனவரியில் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அந்தத் தண்டனையை நீக்கினார். கயத்தாற்றில் யாரும் எழுப்பாத வாதத்தைச் செங்கோட்டையில் ஒரு வழக்கறிஞர் எழுப்ப முடிந்தது. சட்டத்தில் தோற்ற அந்த வாதம் தெருவில் வென்றது.

இங்கே எதிர்வாதம் ஒன்றை நேரே சந்திக்க வேண்டும். போர்க்கைதித் தகுதி என்ற காகிதத்துக்கு இவ்வளவு மதிப்பு உண்டென்றால், 1929 ஜெனீவா உடன்படிக்கை இருந்தும் ஜப்பானிய முகாம்களில் ஏன் அவ்வளவு பேர் செத்தார்கள்? ஜப்பான் அதில் கையெழுத்திட்டதே தவிர உறுதிசெய்யவில்லை. வேண்டிய மாற்றங்களோடு பின்பற்றுவதாகச் சொன்ன வாக்கும் காற்றில் போனது. எனவே தகுதி உயிரைக் காக்கும் என்று நான் வாதிடவில்லை. கைதி எதை நம்பி நடந்துகொள்ளலாம் என்பதைத்தான் தகுதி தீர்மானிக்கிறது. ஒரே முகாமில் ஒரே கொடுமைக்கு ஆளானவர்கள் வெவ்வேறாக நடந்துகொண்டதும் உண்மை. தனிமனித உறுதிக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் உறுதி உள்ளவனுக்கும், மௌனம் காத்தால் என்ன கிடைக்கும் என்ற கணக்கு ஒன்று இருக்கிறது. கட்டபொம்மனுக்கு அந்தக் கணக்கில் எதுவும் மிஞ்சவில்லை.

அந்தக் கணக்கின் கடுமையான வடிவம் இராமேசுவரம் கரைக்கு எதிரே 1987-ல் வெளிப்பட்டது. அக்டோபர் 3 அன்று பாக் நீரிணையில் குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 17 விடுதலைப் புலிகளை இலங்கைக் கடற்படை பிடித்தது. இந்திய-இலங்கை ஒப்பந்தம் நடைமுறையில் இருந்த காலம் அது. பொதுமன்னிப்புக்கு உரியவர்களா, குற்றவாளிகளா என்பதில் இரு அரசுகளும் உடன்படவில்லை. கொழும்புக்குக் கொண்டுபோவது உறுதியானதும் 5-ஆம் தேதி பலாலியில் அவர்கள் நஞ்சருந்தினர். 12 பேர் இறந்தனர். அவ்வியக்கத்தின் நடத்தை நெறி பிடிபடாதே என்ற ஒற்றை விதியாகச் சுருங்கியிருந்தது. அதை வெறும் மூர்க்கம் என்று ஒதுக்குவோரும் தியாகம் என்று போற்றுவோரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. உள்நாட்டுப் போரில் பிடிபடுபவனுக்கு ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாம் பிரிவு மனிதத்தன்மையோடு நடத்தப்படும் உரிமையைத் தருகிறது, போர்க்கைதி என்ற தகுதியைத் தருவதில்லை. இதைச் சொல்வதால் இளைஞர்களின் கழுத்தில் நஞ்சைக் கட்டிய தலைமையின் பொறுப்பு குறைந்துவிடாது. சித்திரவதை அச்சமும் இயக்கக் கட்டுப்பாடும் சேர்ந்தே அந்த முடிவை உண்டாக்கின. தகுதியின்மை அவற்றுக்கு இடம் கொடுத்தது.

மறுமுனையில் நிற்பது 2019. பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் கட்டுப்பாட்டுப் பகுதியில் விழுந்த இந்திய விமானப்படையின் விங் கமாண்டர் அபிநந்தன் வர்தமான், காஞ்சிபுரத்துப் பக்கத்துத் திருப்பனமூரைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தவர். துரத்தியவர்களிடமிருந்து ஓடிக் குளத்தில் இறங்கி, கையிலிருந்த தாள்களை அழிக்க முயன்றதாகச் செய்தித்தாள்கள் எழுதின. பெயர், பதவி, பணி எண் சொன்னவர், விமானத்தையும் பணியையும் பற்றிக் கேட்டபோது சொல்லக்கூடாது என்று மறுத்தார். 1949-ன் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவு இதற்கு மேல் கேட்டு வற்புறுத்தக்கூடாது என்கிறது. போர் அறிவிக்கப்படாத மோதலுக்கும் அது பொருந்தும். அவரைப் படம்பிடித்துப் பரப்பியது 13-ஆம் பிரிவுக்குப் பொருந்தாது என்று இந்தியா கண்டிக்க முடிந்தது. மார்ச் 1-ல் அவர் வாகா வழியே திரும்பினார். அவர் துணிவைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த மறுப்புக்குப் பின்னால் ஒரு சுவர் இருந்தது. பிடித்த நாளிலேயே பாகிஸ்தான் அவர் பெயரை உலகறியச் சொல்லிவிட்டது. அதே உடன்படிக்கையின் 70-ஆம் பிரிவு, முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் கைதி தன் குடும்பத்துக்கு அட்டை எழுத வழிசெய்கிறது. பெயர் பதிவானால்தான் மற்ற எல்லாப் பிரிவுகளும் வேலை செய்யும். 1965, 1971 போர்களில் காணாமல்போய், பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாக இந்தியா நம்பும் 54 படைவீரர்களின் நிலை அதற்குச் சான்று. அப்படி யாரும் தம்மிடம் இல்லை என்றே பாகிஸ்தான் சொல்லிவருகிறது. 2007-ல் உறவினர் சிலர் அங்குள்ள சிறைகளுக்குப் போய்ப் பார்த்தும் ஒருவரும் அடையாளம் காணப்படவில்லை.