நாலு பேர் சொன்னா சரியா இருக்குமா?

ஒரு கடை நல்ல கடையான்னு எப்படி முடிவு பண்றோம்? கடைக்காரர் போர்டில் எழுதினதை வைத்து இல்லை. நாலு பேர் "அங்க போங்க" என்று சொல்வதை வைத்துத்தான். தேடுபொறிகளின் வரலாறும் இந்த நாலு பேர் கதைதாங்க.

1990-களின் நடுவில் வந்த அல்டாவிஸ்டா மாதிரியான தேடுபொறிகள் பெரும்பாலும் போர்டைத்தான் படித்தன. பக்கத்தில் எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்ற கணக்கு. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒரே சொல்லை நூறு தடவை ஒளித்து வைத்து முன்னுக்கு வந்தவர்கள் உண்டு.

1996-ல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் 'பேக்ரப்' என்ற ஆராய்ச்சியில் இறங்கினார்கள். பின்னாளில் கூகிள் ஆனது இதுதான். ஒரு பக்கத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு சுட்டியும் ஒரு ஓட்டு. ஆனா எல்லா ஓட்டும் சமம் இல்லை. நிறைய ஓட்டு வாங்கின பக்கம் போடும் ஓட்டுக்கு கனம் ஜாஸ்தி. அதுவே நூறு பேரைக் கைகாட்டினால் கனம் நூறாகப் பங்கு போகும். பேஜ்ரேங்க் என்பது இவ்வளவுதான்.

யோசனை ரொம்பப் பழசு. எந்த ஆய்வுக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று அட்டவணை போடலாமே என்று யூஜீன் கார்ஃபீல்ட் 1955-லேயே 'சயன்ஸ்' இதழில் எழுதினார். 1964-ல் அதைச் செய்தும் காட்டினார்.

சாட்சிக்கு மதிப்பு வந்தால் பொய்ச்சாட்சியும் வருமில்லையா? 2003-ல் பலர் கூடிப்பேசி, 'படுதோல்வி' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களில் ஜார்ஜ் புஷ்ஷின் வெள்ளை மாளிகைப் பக்கத்துக்குச் சுட்டி கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தில் அந்தச் சொற்களே கிடையாது. இருந்தும் கூகிளில் அதுதான் முதலிடம்! 2007 ஜனவரியில்தான் கூகிள் இதைச் சரி செய்தது.

அது விளையாட்டு. அடுத்தது வியாபாரம். அமெரிக்காவின் ஜேசி பென்னி கடைக்குச் சம்பந்தமே இல்லாத தளங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் சுட்டிகள் வந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. தங்களுக்குத் தெரியாது என்றது கடை. கூகிள் அவர்களைக் கீழே இறக்கியது. 2012 ஏப்ரலில் 'பென்குயின்' வந்தபின், காசு கொடுத்துச் சுட்டி வாங்கியவர்களே "தயவுசெய்து எடுத்துடுங்க" என்று கெஞ்ச வேண்டிய நிலை.

சுட்டியே இல்லாமல் பெயரை மட்டும் சொன்னால்? 2014-ல் கூகிள் பெற்ற ஒரு காப்புரிமை அதை 'மறைமுகச் சுட்டி' என்கிறது. காப்புரிமை இருப்பதாலேயே அது நடைமுறையில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆனா பெயரைச் சொல்ல வைக்கவும் கூலிக்கு ஆள் கிடைக்குமே!

ஆக, சொல்கிறவர்களை எண்ணுவது சுலபம். அவர்கள் மனசாரச் சொல்கிறார்களா என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். இத்தனை வருஷமாகத் தேடுபொறிகள் மல்லுக்கட்டுவது அதோடுதான். நீங்க என்ன நினைக்கிறீங்க?