தாய்வழி நிர்ப்பீடனமும் ஒரு தடுப்பூசியின் தோல்வியும்

ஒரு தலைமுறை பெற்ற நோயெதிர்ப்பு அடுத்த தலைமுறையைச் சென்றடையுமா என்னும் வினாவிற்குப் பரிசோதனை வாயிலாக விடை தேடியவருள் ஜேர்மானியரான போல் ஏர்லிக் முக்கியமானவர். 1892 இல் அவர் ஆமணக்கு, குன்றிமணி ஆகியவற்றின் நஞ்சுகளைச் சிறுகச் சிறுகக் கொடுத்துச் சுண்டெலிகளை அந்நஞ்சுகளுக்குப் பழக்கினார். அவ்வாறு பெற்ற எதிர்ப்பாற்றல் தந்தையிடமிருந்து குட்டிகளுக்குக் கிட்டவில்லை, தாயிடமிருந்தே கிட்டியது. அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. குட்டிகள் பெற்றது பரம்பரைச் சொத்தன்று, இரவலே என்பது புலனாயிற்று.

இவ்விரவலை நாடாது, சிசுவின் உடலையே போருக்கு ஆயத்தப்படுத்த முனைந்ததன் விளைவு கொடியது. ஆர்.எஸ்.வீ. எனச் சுருக்கமாக வழங்கும் சுவாச வைரசு 1956 இல் ஐக்கிய அமெரிக்காவில், தடிமனுற்ற சிம்பன்சிகளிடத்துக் கண்டறியப்பட்டது. ரொபேட் சானொக்கும் அவர்தம் சகாக்களும் 1957 இல் அதனைக் குழந்தைகளிடத்தும் இனங்கண்டனர். போமலினாற் செயலிழக்கச் செய்த வைரசைக் கொண்ட தடுப்பூசி 1966 இல் வாசிங்டனில் சிசுக்களுக்கு ஏற்றப்பட்டது. பின்னர் நோய் பரவியபோது, தடுப்பூசி பெற்றுத் தொற்றுக்காளான 20 பேருள் 16 பேர் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டனர், இருவர் இறந்தனர். ஒப்பீட்டுக் குழுவில் தொற்றுக்காளான 21 பேருள் ஒருவரே வைத்தியசாலைக்குச் செல்ல நேர்ந்தது. காக்க வந்ததே நோயைப் பெருக்கியது. இத்துறை பல தசாப்தங்கள் தயங்கி நின்றமைக்கு இதனினும் வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

தோல்வியின் காரணம் மெல்லவே துலங்கியது. வைரசின் புரதமொன்று, கலத்தோடு இணையுமுன் ஒரு வடிவமும் இணைந்தபின் வேறொரு வடிவமும் கொள்வது. முதல் வடிவத்தின் அமைப்பை ஜேசன் மக்லெலன், பாணி கிரஹாம் முதலியோர் 2013 இல் வெளியிட்டனர். வலிய பிறபொருளெதிரிகள் பற்றுவது அவ்வடிவத்தையே. பழைய தடுப்பூசியிலோ இரண்டாவது வடிவமே மேலோங்கியிருந்தது.

புதிய தடுப்பூசி தாய்க்கே ஏற்றப்படுகின்றது. தாய் இவ்வைரசை வாழ்நாளிற் பலமுறை சந்தித்தவள். ஆதலால் 1966 இன் ஆபத்து அவளுக்கில்லை. அவளது பிறபொருளெதிரிகள் கர்ப்பத்தின் இறுதி மாதங்களிற் சூல்வித்தகத்தினூடாகச் சிசுவை அடைகின்றன. 2023 இல் வெளியான ஆய்வில், பிறந்து முதல் 90 நாட்களிற் கடும் நோய் ஏறத்தாழ 82 சதவீதம் குறைந்தது. அவ்வாண்டே ஐக்கிய அமெரிக்கா அதனை அனுமதித்தது. எனினும் குறைமாதப் பிரசவம் பற்றிய ஐயத்தால் 32 முதல் 36 வரையான வாரங்களுக்கே வரையறுத்தது. பழைய வடு ஆறவில்லை போலும். தாயை நாடாது பிறபொருளெதிரியைச் சிசுவிற்கு நேரே ஏற்றும் நிர்செவிமாப் என்னும் மருந்தும் 2022 இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. இவ்விரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2025 இல் எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. இந்நோயால் இறக்கும் சிறாருட் பெரும்பாலானோர் பிறப்பதோ, இவற்றின் விலை எளிதில் எட்டாத நாடுகளிலேயே.