மேய்ச்சல் நிலமும் பஞ்ச நிவாரணமும்

பஞ்சம் என்றவுடன் நம் மனக்கண்முன் எழுவது பட்டினியால் மெலிந்த மனித உருவமே. உழவனின் தொழுவத்தில் நின்ற மாட்டை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. ஆயினும், புல் கருகிய ஆண்டுகளில் கால்நடை உடையோர்க்கு அரசுகள் எதைக் கொடுத்தன, எதைக் கொடுக்காமல் விட்டன என்று நோக்குவது, தோட்டப்புறங்களில் மாடு வளர்த்து வாழ்ந்த நமக்குப் புறம்பான ஆராய்ச்சி அன்று.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. நிவாரண வேலைக்குச் சென்ற ஆடவனுக்கு, சர் ரிச்சர்டு டெம்பிள் 1877-இல் வகுத்த அளவின்படி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் கூலி. மனிதனுக்கே இவ்வளவுதான் என்றால் மாட்டின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? கூரையில் வேய்ந்த பழைய வைக்கோலைப் பிடுங்கிப் போட்டும் மாடுகள் மடிந்தன. பின்னர் மழை பெய்தபோது ஏர் இருந்தது; இழுக்க எருது இல்லை. சேலம், வடார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பிற்காலத்தில் மலாயாவுக்குக் கப்பலேறியவர்களுள் பலர், இத்தகைய தொழுவங்களின் வழிவந்தோரே.

பஞ்சத்திற்குப் பின் அரசு விழித்துக்கொண்டது. ஸ்ட்ரேச்சி தலைமையிலான ஆணையம் 1880-இல் அறிக்கை அளித்தது. அதன் பயனாகப் பஞ்ச விதித்தொகுப்புகள் தோன்றின. 1884-ஆம் ஆண்டுச் சட்டம், விதையும் மாடும் வாங்க உழவர்க்குக் கடன் தர வழிவகுத்தது. அது கடனே, கொடை அன்று. இதற்கிடையே, 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்துவிட்டது. ஒதுக்கப்பட்ட காடுகளில் மேய்க்க அனுமதியும் கட்டணமும் வேண்டியதாயிற்று. அதன்பின், வறட்சிக் காலத்தில் அக்காடுகளை மேய்ச்சலுக்குத் திறந்துவிடுவது அரசின் சலுகை எனப் பெயர் பெற்றது. முன்னோர் உரிமையாய் மேய்த்த புல் பேரனுக்குச் சலுகையாயிற்று!

விடுதலை பெற்ற இந்தியாவில் நிலைமை பெரிதும் திருந்தியது. 2015 முதல் 2020 வரை நடப்பிலிருந்த பேரிடர் நிவாரண விதிப்படி, கால்நடை முகாமில் பெரிய விலங்கிற்கு நாளொன்றுக்கு 70 ரூபாய், சிறியதற்கு 35 ரூபாய். தமிழக மாவட்டங்கள் அனைத்தும் 2017 சனவரியில் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டபோது, மானிய விலையில் உலர்தீவனம் வழங்கவும் ஏற்பாடாயிற்று. தீவனம் கிடைத்தது நன்றே. ஆனால் இராமநாதபுரத்துக் கீதாரி, கிடைபோட்டு ஊர் ஊராய்ச் செல்பவன். அவனுக்கு எந்தக் கிடங்கு அண்மையது?

அமெரிக்கர் வேறு வழி கண்டனர். அங்கே 2008-ஆம் ஆண்டு வேளாண் சட்டம், கருகிய மேய்ச்சலுக்கே பணம் தரும் திட்டத்தைத் தோற்றுவித்தது. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நிலைபெறச் செய்தது. வறட்சி வரைபடத்தில் ஒரு வட்டாரம் எட்டு வாரம் தொடர்ந்து கடும் வறட்சி நிறத்தில் இருந்தால், ஒரு மாதத் தீவனச் செலவில் 60 விழுக்காடு கிடைத்தது. மாடு சாகும்வரை காத்திராமல், புல் போனதையே இழப்பாக ஏற்ற இம்முறையை நான் மெச்சுகிறேன். எனினும், நிலம் சொந்தமாகவோ குத்தகையாகவோ இருத்தல் அங்கும் வேண்டும். பிறர் நிலத்துப் புல்லை நம்பியவனுக்கு அங்கும் இடமில்லை.

பிறர் நிலத்துப் புல்லை நம்பியவர்கள்தாமே நாமும்! ரப்பர் நிரைகளுக்கிடையே வளர்ந்த புல்லே எங்கள் மாடுகளுக்கு மேய்ச்சல் நிலம். என் பள்ளிச் செலவைத் தாங்கியது, தாயார் லயத்தில் கறந்து விற்ற பால். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது, இளங்கன்றுகளைக் கடித்துவிடும் என்று மாடுகளை அகற்றச் சொன்னது நிருவாகம். அஃது இயற்கைச் சீற்றமன்று; ஆகவே நிவாரணமும் இல்லை. இன்று செனாயில் விமான நிலையமும் தொழிற்சாலைகளும் வீடமைப்புகளும் நிற்கும் வட்டாரத்தில், மேய்ந்த மாடுகளை அறிந்தோர் மிகச் சிலரே. எங்கள் இரு பசுக்களும் ஒரே நாளில் விலையாயின. கயிறுகளைத் தாயார் விற்கவில்லை. கொட்டில் ஆணியில் அவை நெடுநாள் தொங்கின.